பனிப் பாரம் தாங்கும் தளம்

வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் கட்டப்போவதாக என் கணவன் வெஸ்லி சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். இருபது வருடமாக அவன் சொல்லிவருகிற பேச்சு அது. அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், இந்தச் சுப்பீரியர் ஏரிக்கரையில் கோடை கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அந்தக் கொஞ்ச நாளிலும் வெளியே உட்கார்ந்து சாப்பிடாதவனை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். அதனால் வீட்டுக்கு வீடு பின்பக்கம் ஒரு தளம் உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் பின்கதவைத் திறந்தால் மூன்று பழைய மரப்படிகள், அதற்குக் கீழே சேறு.

ஆனால் இந்தக் குளிர்காலத்தில் அவன் உண்மையாகவே கட்டம் போட்ட தாளும் பென்சிலுமாகச் சமையலறை மேஜையில் உட்கார்ந்துவிட்டான். ஆயுசு முழுக்கச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். வெளியே பனி கொட்டும்போது கை சும்மா இருக்காது. நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்து வந்தால் மேஜை மேல் ரப்பர் துகளாகக் கிடக்கும். துடைத்துவிட்டுத்தான் தட்டு வைக்க வேண்டும்.

தளம் என்றால் மேலே தெரிகிற பலகை வெறும் அலங்காரம்தான். விஷயமெல்லாம் அடியில் இருக்கிறது. வீட்டுச் சுவரோடு ஒரு நீளச் சட்டம், எதிர்ப்பக்கம் கால்களின் மேல் ஓர் உத்திரம், இரண்டையும் இணைத்து வரிசையாகக் குறுக்குச் சட்டங்கள். ஊரில் எல்லோரும் சட்டத்துக்குச் சட்டம் பதினாறு அங்குலம் விடுவார்கள். வெஸ்லி பன்னிரண்டு போட்டு வைத்திருந்தான்.

"என்னய்யா இது? மேல லாரி நிறுத்தப் போறியா?"

"பனிக்கு," என்றான்.

"என்ன பனி?"

"பனிப் பாரம். போன தடவை ஜன்னல் வரைக்கும் ஏறிச்சே, மறந்துட்டியா?"

"அது பக்கத்து வீட்டு ஹெர்பியோட தளத்துலயும்தான் ஏறிச்சு. அவன் தீக்குச்சி மாதிரி நாலு கட்டைய வெச்சுக் கட்டியிருக்கான். ஒண்ணும் ஆகலையே."

"அவனுக்கு அதிர்ஷ்டம்."

அடுத்த வாரம் இரண்டு மரம் சேர்ந்த உத்திரம் மூன்று மரம் சேர்ந்ததாக மாறியது. கால்கள் பருத்தன. சட்டங்களுக்கு நடுவே முட்டுக் கட்டைகள் முளைத்தன. ஒருநாள் நான் ரொட்டி மாவு பிசைந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். ஏரி தெரிகிற மூலையில் ஒரு சின்னச் சதுரம் வரைந்திருந்தான். அதற்கு அடியில் மட்டும் சட்டங்கள் இரட்டை இரட்டையாக இருந்தன.

"இது என்ன?"

"பூந்தொட்டி."

"பூந்தொட்டியா! அதுல என்ன, பைன் மரமா வளக்கப் போற?"

அவன் கழுத்து சிவந்துவிட்டது. அழிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் ரப்பரை வைத்துத் தேய்த்தான். பிறகு, "நாற்காலி," என்றான். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வாசல் பக்கம் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தம்பி லைல் தன் வண்டியை நிறுத்துகிற இடம் அது. எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்து சொல்ல வைத்திருந்த கேலியை அப்படியே விழுங்கினேன்.

லைல் பெரிய ஆள். கதவில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவான். ஊரில் உள்ள ஒரே மரக்கடையான ஸ்டென்பெர்க் கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஓர் இரும்பு முக்காலியில் உட்கார்ந்திருப்பான். அவன் சிரித்தால் கடையே சிரிக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமை எங்கள் வீட்டு நீராவிக் குளியல், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் காபி, பண்டிகை என்றால் எங்கள் வீட்டு மேஜை. இதுதான் அவனுக்குக் குடும்பம்.

இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு சொந்தக்காரப் பெண் பள்ளிப் படிப்பை முடித்ததற்கு அவர்கள் வீட்டுத் தளத்தில் விருந்து வைத்தார்கள். பலகை உளுத்துப்போயிருந்தது. அதில் யார் கால் வைத்திருந்தாலும் உள்ளே போயிருக்கும். போனது லைலின் கால். முழங்கால் வரை இறங்கிவிட்டது. மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். "கிரேன் கூப்பிடுங்கப்பா!" என்று எவனோ கத்தினான், எல்லோரும் சிரித்தார்கள். லைல்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். கேக்கைக்கூட முழுசாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

அதற்குப் பிறகு அவன் யார் வீட்டு மரப்படியிலும் கால் வைக்கவில்லை; எங்கள் முன்வாசலிலும் மரப்படிதான். நீராவி அறையில் மரப் பெஞ்சு என்பதால் சனிக்கிழமைக் குளியலும் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை வருவான், ஆனால் வண்டியிலேயே சாய்ந்து நிற்பான். "உள்ள வாடா" என்றால், "இல்ல அண்ணி, கால்ல சேறு" என்பான். மழையே இல்லாத மாதத்திலும் அவன் காலில் சேறு. நான் காபியையும் ஏலக்காய் ரொட்டியையும் தட்டில் வைத்து வண்டிக்கு எடுத்துப் போவேன். கிறிஸ்துமஸ் அன்று அவன் வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான், நானும் வெஸ்லியும் பனியில் நின்றுகொண்டு அவனோடு ஜன்னல் வழியாகப் பேசினோம். அன்று அடுப்பங்கரைக்கு வந்து நான் அழுதேன். வெஸ்லி அழுதானா என்று தெரியாது, ரொம்ப நேரம் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

இப்போது தாளில் அந்தச் சதுரத்தின் மேல் கிடந்த ரப்பர் துகளை மெல்ல ஊதிவிட்டேன்.

"அவன்கிட்ட சொல்லிடாத ஆர்லீன்," என்றான் வெஸ்லி. "அவனுக்காகத்தான் இப்படிப் போட்டிருக்குன்னு தெரிஞ்சா அவன் இந்தப் பக்கமே வரமாட்டான். சத்தியம் பண்ணு."

"சொல்ல மாட்டேன். போதுமா?"

சத்தியம் சுலபம். மரம் வாங்குவதுதான் கஷ்டம். ஸ்டென்பெர்க் கடையில் வாங்கினால் எழுதிக்கொள்வது லைல். ஒரு ஸ்பூன் சூப்பை வாயில் விட்டால் அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன் இல்லையா, அவனுக்கு மரம் அப்படி. என்னென்ன நீளம், எத்தனை கட்டை என்று கேட்ட மாத்திரத்தில் தளம் முழுவதும் அவன் கண்முன் நிற்கும். 'எதற்கு இவ்வளவு?' என்று கேட்பான். வெஸ்லிக்குப் பொய் சொல்லத் தெரியாது. கழுத்து சிவந்துவிடும்.

அதனால் என் மகா புத்திசாலி வெளியூர்க் கடையில் வாங்கினான். தம்பி மரக்கடையில் இருக்கும்போது அண்ணன் வெளியூரில் மரம் வாங்குவது எங்கள் ஊரில் எப்படிப்பட்ட காரியம் தெரியுமா? சர்ச் மாறுகிறவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். ஊருக்குள் வரும் பெரிய ரோடு ஸ்டென்பெர்க் கடை வாசலை ஒட்டித்தான் போகிறது. அதைத் தவிர்க்க, மரம் வெட்டுகிறவர்கள் எப்போதோ போட்ட காட்டுப் பாதையில் வண்டியைத் திருப்பியிருக்கிறான். பனி உருகுகிற பருவம். பாதை முழுக்கக் கூழ். மரம் ஏற்றிய டிரெய்லர் அச்சு வரை இறங்கிவிட்டது.

அந்தப் பக்கம் எந்த மனிதன் வருவான் என்று பார்த்துக்கொண்டு நின்றானாம். வந்தது ஸ்டென்பெர்க் கடை வண்டி. காட்டுக்குள் ஒரு குடிலுக்குச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த டிரைவர் கார்டி, சங்கிலி போட்டு இழுத்துக் கரையேற்றிவிட்டான். இழுத்த இழுப்பில் மேலே மூடியிருந்த நீலத் தார்ப்பாய் நழுவி, வெளியூர்க் கடையின் மஞ்சள் சீட்டுகள் எல்லாம் பல்லைக் காட்டின.

"நல்ல மரமா இருக்கே, வெஸ்," என்று மட்டும் சொல்லிவிட்டு கார்டி போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லைல் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. ஏலக்காய் ரொட்டியை நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றோம்.

"போய்ச் சொல்லித் தொலையேன்யா."

"என்னன்னு சொல்றது? நீ குண்டா இருக்க, அதான் வேற ஊர்ல வாங்கினேன்னா?"

எங்கள் குடும்பங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் பின்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் பேச்சை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. வெஸ்லி ஆழமாகக் குழி தோண்டினான், கான்கிரீட் போட்டான், கால் நட்டான், உத்திரம் ஏற்றினான், ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டங்களை ஒவ்வொன்றாக அடித்தான். மேலே பலகை போடுவது மட்டும்தான் பாக்கி என்று ஆன ஒரு சாயங்காலம், அவன் அந்த மூலையில் போய் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகு கூனியிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! அண்ணன் மீதா தம்பி மீதா என்று தெரியவில்லை. மறுநாள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நேரே மரக்கடைக்குப் போனேன்.

லைல் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஆணி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தான்.

"என்ன அண்ணி, வழி தப்பி வந்துட்டீங்களா? மரம் வேணும்னா வெளியூருக்குல்ல போகணும்?"

"ரொம்பத்தான் பண்ணாதடா."

"நானா பண்றேன்? எங்க கடை மரம் கோணலா அண்ணி? சொல்லுங்க. உங்க வீட்டுக் கூரைக்கு ஒவ்வொரு கட்டையும் நான் கையால பொறுக்கி எடுத்துக் குடுத்தேன். இப்ப வர்றவன் போறவன்லாம் என்கிட்டதான் கேக்கறான், உங்க அண்ணன் ஏன் அங்க போனாருன்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அவ்வளவு பெரிய முகத்தில் தாடை மட்டும் குழந்தைக்கு நடுங்குவது போல நடுங்கியது. உண்மை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சத்தியம் செய்து தொலைத்திருக்கிறேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போதுதான் தோன்றியது. சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தேன், காட்ட மாட்டேன் என்று செய்யவில்லையே.

மரவேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்தச் சட்டமும் நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பதில்லை. ஒரு பக்கம் லேசாக வளைந்து முதுகு காட்டும். ஒற்றைக் கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்து, முதுகு இருக்கும் பக்கத்தை மேலே வைத்து அடிக்க வேண்டும். பாரம் ஏற ஏற அது படிந்து சமமாகும். கீழே வைத்தால் தளம் நடுவில் தொட்டி மாதிரி குழிந்துவிடும். முதுகு பார்ப்பதில் லைலை அடிக்க ஆள் கிடையாது. வெஸ்லி எது கட்டினாலும் பார்த்துக் கொடுப்பது அவன்தான்.

"நான் சண்டை போட வரலடா," என்றேன். "உங்க அண்ணன் சட்டத்த எல்லாம் தலைகீழா அடிச்சு வெச்சிருக்கான். முதுகு கீழ பார்த்து நிக்குது. அவன் கண்ணு லட்சணம் உனக்குத் தெரியாதா?"

லைலின் கை டப்பா மேல் அப்படியே நின்றது. "எத்தனை?"

"பாதி இருக்கும்."

"பாதியா! ஆணி அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு. திங்கக்கிழமை பலகை போட்டு மூடிடுவான். நமக்கென்ன, வெளியூர் மரம்தானே, எக்கேடு கெட்டா என்ன."

"வெளியூர் மரமா இருந்தா என்ன அண்ணி? மரம் மரம்தானே!" என்று லைல் முக்காலியை விட்டு எழுந்தே விட்டான். நான் பொய் சொன்ன வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலையில் அவன் வண்டிச் சத்தம் கேட்டது. பின்பக்கம் வெஸ்லியின் சுத்தியல் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால், என் மகா புத்திசாலி அந்த நீலத் தார்ப்பாயை இழுத்துத் தளத்தை மூடப் பார்க்கிறான். கால்வாசிக்குக்கூட எட்டவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அசடு வழிய நின்றான்.

லைல் காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு சுற்றி வந்தான். அண்ணனைப் பார்க்கவில்லை. ஓரத்தில் மெல்ல மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணை மூடினான். அவன் பார்த்தது முதுகை இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கண் சட்டத்துக்குச் சட்டம் தாவிக்கொண்டே போயிற்று. உத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, மூன்று மரத்தையும் தடவினான். கண் அப்படியே ஏரி மூலைக்குப் போய் அங்கேயே நின்றது.

"பன்னெண்டு அங்குலம்," என்றான்.

"ம்."

"உத்திரம் மூணு."

"ம். பனிக்கு."

"பனிக்கா?"

"பனிப் பாரம்."

"அந்த மூலைல மட்டும் இரட்டையா போட்டிருக்க. அங்க மட்டும் தனியா பெய்யுமாண்ணே?"

வெஸ்லி உதவிக்கு என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

லைல் உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "எல்லாரும் போடற மாதிரி பதினாறுல போட்டிருந்தாலே இதுல பத்து லைல் நிக்கலாம். உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு?"

வெஸ்லி தார்ப்பாயைக் கீழே விட்டான். எங்கள் கல்யாணத்தில்கூட அவன் ஒரேயடியாக அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"உடையாதுன்னு எனக்கும் தெரியும்டா. உடையறதப் பத்தி யார் பேசினா? அசையக் கூடாது. நீ கால் வெச்சா கிறீச்சுனு ஒரு சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தா நீ சிரிச்சுக்கிட்டே, கால்ல சேறுன்னு சொல்லிட்டு வண்டிக்குப் போயிடுவ. மறுபடியும் நான் பனில நின்னுக்கிட்டு ஜன்னல் வழியா உனக்கு கிறிஸ்துமஸ் சொல்லணும். எனக்கு வயசாகுதுடா. என் தம்பி என் பக்கத்துல உக்காரணும். உன்கிட்ட வாங்கினா நீ கண்டுபிடிச்சிடுவ. அதான் அங்க போனேன். போதுமா?"

லைல் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். காதிலிருந்து பென்சிலை எடுத்தான், மறுபடி வைத்தான். அந்த அகலமான முதுகு இரண்டு தடவை குலுங்கியது. திரும்பாமலே கேட்டான்.

"நான் எவ்வளவு எடைன்னு உனக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது. கேட்டதில்லையே."

லைல் சொன்னான். டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் அவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான். நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

வெஸ்லி தாடையைச் சொறிந்தான். "அந்த மூலை மட்டும் ஆயிரம் பவுண்டு தாங்கும். மிச்சத்துக்கு ஒரு பொண்ணு பார்த்துக் கூட்டிட்டு வா."

லைல் சிரித்தான் பாருங்கள்! ஹெர்பி வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. முன்பெல்லாம் நீராவி அறையிலிருந்து வீடு வரை கேட்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவன் மறுபடி குனிந்து, இந்தத் தடவை நிஜமாகவே சட்டங்களைப் பார்த்தான்.

"அண்ணி சொன்னது சரிதான். இங்க பாரு, இது முதுகு கீழ இருக்கு."

"எங்க?" என்று வெஸ்லி பாய்ந்தான். "சும்மா சொல்லாத!"

"இதோ, மூணாவது. கண்ண மூடிக்கிட்டா அடிச்ச?"

என் பொய்க்கு ஒரு சட்டம் உண்மையாகிவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே அதைப் பெயர்த்துத் திருப்பி அடித்தார்கள். பிறகு வெஸ்லி பலகைகளைத் தூக்கி வந்து, ஓரத்திலிருந்து ஏரி மூலை வரை வரிசையாகப் பரப்பினான். பலகைக் கட்டு ஒன்றை மூலையில் வைத்து அதன் ஒரு முனையில் உட்கார்ந்தான். மறு முனையைக் கையால் தட்டினான்.

லைல் ஒரு காலைத் தூக்கி வைத்தான். வைத்துவிட்டு அப்படியே நின்று காது கொடுத்துக் கேட்டான். வெஸ்லியும் கேட்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஏரிப் பறவைகள் கத்துவது மட்டும் கேட்டது. இன்னொரு காலையும் வைத்தான். நடந்தான். மூலைக்குப் போய், ஒரு தடவை காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தான். பிறகு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இனி அங்கே நின்றால் அழுதுவிடுவேன் என்று உள்ளே ஓடினேன். காபி போட்டேன். ரொட்டியைத் தடியாக அறுத்து வெண்ணெய் தடவினேன். தட்டைத் தூக்கிக்கொண்டு, இரண்டு வருடப் பழக்கத்தில் கால் போன போக்கில் முன்கதவைத் திறந்து, வாசலைத் தாண்டி லைலின் வண்டி வரைக்கும் போய்விட்டேன். வண்டி ஜன்னல் ஏற்றியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. தட்டை வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றேன்.

வீட்டின் பின்பக்க மூலையிலிருந்து சத்தம் வந்தது.

"அண்ணி! அங்க எங்க போறீங்க? நான் இங்க இருக்கேன்!"